ஓரோடை மீனும் எமது வயல் நீரும்



கேகாலை மாவட்டத்திலே கலப்பிட்டமடை என்னும் ஊருக்கு அண்மையில், இறப்பர்த் தோட்டங்களுக்கும் நெல்வயல்களுக்கும் ஊடாகச் சிற்றோடை ஒன்று செல்கின்றது. அவ்வோடையில் ஏறத்தாழ 2 கிலோமீற்றர் தூரத்தையே தன் இயற்கையான இருப்பிடமாகக் கொண்டு ஒரு சிறு கெண்டையினம் வாழ்கின்றது. நீளம் இரண்டு அங்குலத்தையும் எட்டாது. சிங்களத்தில் இதனைப் பந்துல பெத்தியா என்பர். மொறிஸ் கொத்தலா, றொகான் பெத்தியாகொட ஆகிய இரு ஆராய்ச்சியாளர் 1991ஆம் ஆண்டில் இதனைத் தனியினமென விவரித்து வெளியிட்டனர். இன்று இது அழிவின் விளிம்பில் நிற்கும் இனங்களுள் ஒன்றாகக் கணிக்கப்பட்டுள்ளது.

நெற்செய்கை பற்றிய பிரசுரத்தில் மீனுக்கு என்ன அலுவல் என நீங்கள் வினவலாம். இவ்வோடை வனவிலங்குச் சரணாலயம் எதனுள்ளும் அமைந்ததன்று. அதன் இரு கரைகளும் பயிர்செய்வோரின் நிலங்களே. ஆகவே காவற்காரரை நிறுத்தி இம்மீனைக் காத்தல் இயலாது. மண்வெட்டியும் தெளிகருவியும் பிடிக்கும் கைகளே அதனைக் காக்கவும் வல்லன, அழிக்கவும் வல்லன. உங்கள் ஊர் வேறாயினும், உங்கள் வயல் நீரும் ஏதோவோர் ஓடையிற்றான் சென்று விழுகின்றது.

முதலாவது, மருந்து தெளித்தல். பைரெத்திரொயிட்டு வகையைச் சேர்ந்த பூச்சிநாசினிகள் மனிதருக்குத் தீங்கு குறைந்தவை எனப் பலர் விரும்பி வாங்குகின்றனர். ஆனால் மீனுக்கோ அவை மிகச் சொற்ப அளவிலேயே கொடிய நஞ்சாகும். பல ஓடைகளிற் பரந்து வாழும் மீனினம் ஓரிடத்தில் மாண்டாலும் வேறிடத்திலிருந்து மீண்டும் வந்து சேரும். ஓரோடையில் மட்டும் வாழும் மீனுக்கு அந்த வாய்ப்பில்லை. வரம்பில் ஓர் உடைப்பு, அன்றிரவு ஒரு மழை, இவ்விரண்டும் ஒருங்கே நேர்ந்தாற் போதும்.

நான் கடமையேற்ற முதலாம் வருடத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லுகின்றேன். ஒரு கமக்காரருக்கு மருந்தின் அளவு, கலக்கும் முறை, தெளிக்கும் நேரம் யாவற்றையும் விளக்கினேன். அவரும் ஒன்றும் பிசகாது செய்தார். மறுநாட் காலை வாய்க்காலின் கீழ்ப்புறத்தில் மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. தெளிகருவியை அவர் வாய்க்காலிற் கழுவியிருந்தார். எங்கே கழுவவேண்டுமென நான் சொல்லவில்லை, தவறு என்னுடையது. அன்றுமுதல் அதனையே முதலிற் சொல்லி வருகின்றேன். கருவியைக் கழுவிய நீரைத் தெளித்த வயலுக்குள்ளேயே ஊற்றுங்கள். வெற்றுப் போத்தலையும் ஓடையில் எறியாதீர்கள்.

வயலில் நீர் குறைக்கவேண்டுமாயின் தெளிப்பதற்கு முன்னரே குறைத்துக்கொள்ளுங்கள். தெளித்தபின் வாய்க்கடையை நன்றாக அடைத்து, ஒரு வாரமாவது நீரை வெளியே விடாதீர்கள். சிட்டையில் அதற்குக் கூடுதலான நாட்கள் குறிக்கப்பட்டிருப்பின் அதன்படி நடவுங்கள். வானம் கறுத்திருக்கும் பொழுது தெளித்தல் பணத்தையும் நஞ்சையும் ஒருங்கே ஓடையிற் கொட்டுவதாகும்.

உண்மையில் அத்தெளிப்பு வேண்டியதுதானா என்பதையும் ஆராயுங்கள். விதைத்து முதல் முப்பது, நாற்பது நாட்களில் இலையைத் தின்னும் புழுக்களால் உண்டாகும் சேதத்தைப் பயிர் பெரும்பாலும் தானே ஈடுசெய்துகொள்ளும். அக்காலத்தில் அவசரப்பட்டுத் தெளிப்பின் வயலிலுள்ள சிலந்திகள் மடியும். பின்னர்க் கபிலநிறத் தத்தி தடையின்றிப் பெருகும். அந்நிலையில் மீண்டும் மருந்து, மீண்டும் செலவு. இதில் மீனின் நலமும் உங்கள் பணப்பையின் நலமும் ஒன்றே.

கரை விடயம் அவ்வளவு இலகுவானதன்று. கரைமரங்களின் நிழல் நீரைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும்; அவற்றின் வேர் மண்ணைப் பிடிக்கும். கரையை ஓரம்வரை வெட்டிக் கத்தரியோ போஞ்சியோ நாட்டினால், முதற் பெருமழையிலேயே மண் சரிந்து ஓடையின் அடியிற் படியும். மீன் இரைதேடும் இடமும் முட்டையிடும் இடமும் சேற்றினுள் மறையும். ஆயினும் கால் ஏக்கர் நிலமுடையவரிடம் நாலு முழம் கரையை விட்டுவிடுங்கள் என்று கூறுதல் எனக்கு எளிதாயில்லை. அந்நிலம் அவருக்குச் சோறு. எனவே முழுவதையும் தரிசாக விடும்படி சொல்லேன். உள்ள மரத்தைத் தறியாதீர்கள். வெட்டிய இடத்தில் தாழையையும் மருதையும் நாட்டி, ஓரப் புல்லைச் செதுக்காது மாட்டுக்கு அறுத்தெடுங்கள். பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்கே அமைத்து, உரமிடுவதையும் மருந்தடிப்பதையும் கரையிலிருந்து தள்ளியே செய்யுங்கள். இறப்பர் நிலத்தில் மூடுபயிர் வளர்த்தாற் சரிவிலிருந்து வரும் மண்ணும் குறையும்.

கண்ணாடித் தொட்டிக்கென அழகு மீன் பிடிக்க வருவோருக்கு வழிகாட்டாதீர்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

எதிர்வரும் போகத்துக்கு வரம்பு கட்டும்பொழுது, வீதிப்பக்கத்தை விட்டு ஓடைப்பக்க வரம்பிலே தொடங்குங்கள். நண்டு துளைத்த ஓட்டைகளை மிதித்து அடைத்து, வாய்க்கடைக்கு உறுதியான பலகை ஒன்றை இப்பொழுதே தேடிவையுங்கள்.