ஜீப்பின் தரையில் விழுந்த ஓட்டை

அரையாண்டு விடுமுறையில் நீங்கள் என்ன செய்தீர்கள்? நான் என் பெரியப்பாவின் ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தேன். சிரிக்காதீர்கள்! ‘இரும்பு துருப்பிடித்தல்’ என்று பாடத்தில் படித்தோமே, அது எனக்கு உண்மையில் புரிந்தது அங்கேதான். புரிந்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

பெரியப்பா வீடு நீலகிரியில் கேத்திப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. அவரிடம் முப்பது வயதுக்கு மேலான டீசல் ஜீப் ஒன்று உண்டு. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்பதால் மழைக்காலத்தில்கூட மண்பாதையில் ஏறிவிடும். காலையில் கழுவிய கேரட் மூட்டை, மத்தியானம் உர மூட்டை, சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் என்று எல்லாம் அதில்தான்.

போன நவம்பரில் ஒரு மழை நாள். பின்சீட்டில் உட்கார்ந்திருந்த பெரியப்பா பையன், ஒன்றாம் வகுப்பு படிப்பவன், காலை ஊன்றி எழுந்தான். ‘சரக்’ என்று ஒரு சத்தம். அவன் கால் கணுக்கால் வரை தரைக்குள் இறங்கிவிட்டது! வண்டி மெதுவாகப் போனதால் சிராய்ப்போடு தப்பித்தான். ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தேன். கீழே ரோடு ஓடிக்கொண்டிருந்தது.

பெரியப்பா வண்டியை ஓரங்கட்டிவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “மூணு வருஷத்துக்கு முன்னாடி இதே எடத்துல சின்ன ஓட்டை இருந்துச்சு. காசு மிச்சமாகும்னு பட்டி வெச்சு மூடச் சொன்னதே நான்தான்” என்றார். ஜனவரியில் எஃப்.சி. காட்ட வேண்டும். அதற்குள் முடிக்க வேண்டுமென்று மேட்டுப்பாளையத்தில் இருந்து தெரிந்த டிங்கர் அண்ணா ஒருவரை டிசம்பர் கடைசியில் வரவழைத்தார். நான் எடுபிடி.

துரு எப்படி வருகிறது?

ஆய்வகத்தில் மூன்று சோதனைக்குழாயில் ஆணி போட்டு வைத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு போட்ட குழாயில் துரு இல்லை. கொதிக்க வைத்த தண்ணீர் ஊற்றி, மேலே எண்ணெய் விட்டு மூடிய குழாயிலும் இல்லை. தண்ணீரும் காற்றும் சேர்ந்திருந்த குழாயில் மட்டும் ஆணி பழுப்பானது. ஆக, தண்ணீர், ஆக்சிஜன் இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் துரு வரும். நீரேறிய இரும்பு ஆக்சைடுதான் துரு. தண்ணீரில் உப்பு கரைந்திருந்தால் வேகம் இன்னும் கூடும்.

குளிர் நாடுகளில் பனியைக் கரைக்க ரோட்டில் உப்பு போடுவார்கள். அங்கே வண்டிகள் சீக்கிரம் துருப்பிடிக்க அது ஒரு பெரிய காரணம். நம் ஊட்டியில் ரோட்டுக்கு உப்பு போடுவதில்லையே என்று கேட்டேன். அண்ணா தரையில் கிடந்த வெள்ளைத் தூளைக் கிள்ளிக் காட்டினார். “இது என்ன கண்ணு?” மூட்டையிலிருந்து சிந்திய பொட்டாஷ் உரம்! பொட்டாசியம் குளோரைடு. அதுவும் ஒரு உப்புதானே? அதன்மேல் கேரட் மூட்டையிலிருந்து சொட்டும் தண்ணீர். ரோட்டில் போடாத உப்பை நாங்களே வண்டிக்குள் போட்டு வைத்திருந்தோம்.

முதல் வேலை: தட்டிப் பார்ப்பது

அண்ணா சுத்தியலை எடுத்துத் தரை முழுவதும் லேசாகத் தட்டினார். நல்ல தகடு ‘டங்’ என்றது. கெட்டுப்போன தகடு ‘டொப்’ என்றது. பெயின்ட் கொப்புளம் போல எழும்பிய இடங்களில் சாக்பீஸால் வட்டம் போட்டார். துரு இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். அதனால்தான் உள்ளிருந்து பெயின்டைத் தள்ளுகிறது. பிறகு ஒரு காந்தத்தைக் கொடுத்து என்னை நகர்த்தச் சொன்னார். பட்டி தடிமனாக இருந்த இடத்தில் காந்தம் ஒட்டவே இல்லை.

அந்தப் பட்டியை உளியால் பெயர்த்தோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போலத்தான்! உள்ளங்கை அளவு ஓட்டைதான் என்று நினைத்திருந்தோம். துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, ஒரு பள்ளிப் பையே உள்ளே போகும் அளவுக்குத் திறந்துகொண்டது. பட்டி ஈரத்தை உறிஞ்சும். அதைத் துருவின் மேலேயே அப்பினால் உள்ளே ஈரம் போகவும் வழியில்லாமல் தின்றுகொண்டே இருக்கும்.

இன்னொன்றும் கண்டுபிடித்தோம். தரையின் பள்ளமான மூலையில் விரல்நுனி அளவில் வட்டமாக ஒரு துளை. அது துருவால் வந்தது இல்லை. தண்ணீர் வடிய வண்டி செய்தபோதே வைத்தது. அதையும் சேர்த்துப் பட்டி போட்டு அடைத்திருந்தார்கள். “பாத்தீங்களா? தண்ணி போற ஓட்டைய அடைச்சீங்க. அது வேற எடத்துல தானா ஓட்டை போட்டுக்கிச்சு” என்றார் அண்ணா. பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

வெட்டுவதும் ஒட்டுவதும்

கிரைண்டரில் வெட்டும்போது, ‘டங்’ என்று சொன்ன நல்ல தகடு வரும் வரை வெட்டினார். எனக்கு மனசே கேட்கவில்லை. “இவ்வளவு வெட்டணுமாண்ணா?” என்றேன். “கெட்ட தகட்டுல வெல்டு நிக்காது கண்ணு, உருகி ஓட்டை பெருசாயிடும்” என்றார்.

ஓட்டையின் அளவுக்குப் பழைய காலண்டர் அட்டையில் ஒரு அச்சு வெட்டினோம். அதை 18 கேஜ் தகட்டின் மேல் வைத்து வரைந்தேன். அதன் தடிமன் சுமார் 1.2 மில்லிமீட்டர். கூரைக்கு வாங்கிய ஜி.ஐ. ஷீட் மிச்சம் இருக்கிறதே, அது துருப்பிடிக்காதே என்று நான் கேட்டதற்கு அண்ணா ஒத்துக்கொள்ளவில்லை. அதன் மேலுள்ள துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். வெல்டிங் வெப்பம் அதைவிட மிக அதிகம். எழும்பும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும்.

வெல்டு வைக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றினார்கள். சீட்டுக்கு அடியில் இருந்த டீசல் டேங்கையும் கழற்றித் தூரமாக வைத்தார்கள். காலி டேங்கில் ஆவி இருக்கும். அதனால் காலிதானே என்று விட்டுவிடக் கூடாது. ஒரே மூச்சில் கோடு இழுக்காமல், இங்கே ஒரு புள்ளி, எதிர்ப்பக்கம் ஒரு புள்ளி என்று ஆறவிட்டு ஆறவிட்டு வைத்தார். இல்லாவிட்டால் தகடு வளைந்துவிடும். அந்த வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது என்பதால் என்னை வீட்டுக்குள் அனுப்பிவிட்டார்.

குளிர்காலம் செய்த வம்பு

நான்காம் நாள் தகடு வேலை முடிந்தபோது சாயங்காலம் ஐந்து மணி. அண்ணா கீழே கடைக்குப் போயிருந்தார். ரெட் ஆக்சைடு பிரைமர் டப்பா திறந்தே இருந்தது. வேலையை முடித்து அசத்திவிடலாம் என்று நானே பூசிவிட்டேன். இரவு உறைபனி கொட்டியது. காலையில் பார்த்தால் திட்டுத்திட்டாக வெளுத்து, நகத்தால் கீறினாலே உரிந்தது!

அண்ணா திட்டவில்லை. உப்புத்தாளைக் கையில் கொடுத்தார். நான் பூசியதை நானே அரை நாள் தேய்த்து எடுத்தேன்.

காரணம் இதுதான். குளிர்ந்த தண்ணீர் இருக்கும் டம்ளரின் வெளியே முத்து முத்தாக வேர்க்கிறதல்லவா? காற்றில் உள்ள நீராவி எந்த வெப்பநிலையில் நீராக மாறத் தொடங்குமோ, அதற்குப் பனிநிலை என்று பெயர். காற்று 12 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனிநிலை ஏறக்குறைய 9 டிகிரி. பெயின்ட் அடிக்கும் தகடு பனிநிலையைவிட 3 டிகிரியாவது சூடாக இருக்க வேண்டும் என்பது வேலைக்காரர்களின் கணக்கு. வெட்டவெளியில் நிற்கும் தகடு ராத்திரியில் காற்றைவிடக் குளிர்ந்துபோகும். கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்துவிடும். அதன்மேல் பூசினால் என் பிரைமர் கதைதான்.

ஆகவே அடுத்த நாளிலிருந்து காலை பதினொன்று முதல் மூன்று மணி வரை வெயிலில்தான் பூசினோம். மேல்பக்கம் மட்டுமல்ல, அடிப்பக்கமும். ஷெட்டை மூடிக் கரி அடுப்பு வைக்கலாமா என்றேன். கூடவே கூடாது. மூடிய இடத்தில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். தின்னர் ஆவியும் தீப்பிடிக்கும். கேஸ் அடுப்பும் ஆகாது. கேஸ் எரியும்போது நீராவியும் உண்டாகும்.

பக்கவாட்டுத் தகட்டில் ஒரு நெளிசலுக்கு மட்டும் மெல்லிசாகப் பட்டி வைத்தார். குளிரில் பட்டி இறுகத் தாமதமாகும். அதற்காக ஹார்டனரை அள்ளிப் போடக் கூடாது. நூறு கிராமுக்கு இரண்டு கிராம் போதும். பொறுமைதான் வேண்டும்.

இப்போது

புதுத் தரையில் வடிகால் துளைகள் நான்கு. ஜனவரியில் எஃப்.சி.யும் முடிந்தது. உர மூட்டைக்கு அடியில் இப்போது தார்ப்பாய் விரிக்கிறோம். நான் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவி, ஈர்க்குச்சியால் நான்கு துளையையும் குத்திவிடுவேன். நான்கிலும் தண்ணீர் ஒழுகுகிறதா என்று குனிந்து பார்ப்பது தம்பியின் வேலை. “நாலும் வருது!” என்று அவன் கத்தினால்தான் பெரியப்பா சாவியை எடுப்பார்.

நீங்களும் செய்து பாருங்கள்

1. உங்கள் சைக்கிள் மட்கார்டின் உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். சேறு எங்கே தங்கியிருக்கிறதோ அங்கேதான் துரு இருக்கிறதா?

2. நம் பள்ளி இரும்புக் கேட்டைக் குச்சியால் தட்டிப் பாருங்கள். எங்கே ‘டங்’, எங்கே ‘டொப்’? ‘டொப்’ கேட்ட இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.

— பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு