ஒற்றைச் சங்கிலியும் இரட்டைச் சங்கிலியும்

எஞ்சினின் முன்புறத்தில், மூடிக்குள் மறைந்து ஓடுவது டைமிங் சங்கிலி. கிராங்குத் தண்டு இருமுறை சுழலும்போது கேம் தண்டு ஒருமுறை சுழல வேண்டும். அந்த உறவைக் காப்பதே இதன் வேலை. பழஞ் சங்கிலி நீண்டுவிட்டது என்கிறோம். இரும்பு நீள்வதில்லை, நண்பர்களே! கண்ணிதோறும் ஆணியும் புஷ்ஷும் தேய்கின்றன. அத்தனை தேய்மானமும் சேர்ந்து நீளமாகத் தெரிகிறது. விளைவு, வால்வுகள் காலந்தாழ்த்தித் திறக்கின்றன.

1951இல் ஆஸ்டின் ஏ30 காருடன் வந்த ஏ-வரிசை எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதில் டிஸ்டிரிபியூட்டரையும் கேம் தண்டே ஓட்டுவதால் தீப்பொறியும் பிந்துகிறது. வேகத்துக்கென வாங்கிய கார் மேடேறத் திணறுகிறது.

இந்த எஞ்சின் பூட்டிய சாதாரண மினிக்கு ஒற்றை வரிசைச் சங்கிலி. 1963இல் வந்த கூப்பர் எஸ் வகைக்கு இரட்டை வரிசை. அடிப்படை ஒன்றே ஆகையால், பின்னது முன்னதற்குப் பொருந்தும். ஆனால் சங்கிலியை மட்டும் வாங்கிப் பயனில்லை. இரு பற்சக்கரங்களும் கூடவே மாற வேண்டும். அகன்ற சக்கரம் முன்தகட்டிலுள்ள இரண்டு திருகுகளின் தலையில் உரசும். ஆகவே துளைவாயைச் சரிவாகக் குடைந்து, தலை தகட்டோடு சமமாகப் படியும் திருகுகளைப் போட வேண்டும். சங்கிலியின் விலையை விசாரிப்பவர் இதை விசாரிப்பதில்லை!

பிறகு நேர்ச்சட்டம் ஒன்றை இரு சக்கரங்களின் முகத்திலும் வைத்துப் பாருங்கள். கிராங்குச் சக்கரம் பின்வாங்கியிருந்தால் அதன் பின்னே ஷிம் தகடு சேர்க்க வேண்டும். முன்வந்திருந்தால் குறைக்க வேண்டும். கோணிய சங்கிலி, இரட்டையானாலும் விரைவில் தேயும்.

சக்கரங்களிலுள்ள புள்ளிகளை ஒன்றையொன்று நோக்கி நிறுத்தியே சங்கிலியை மாட்டுக. மூடியைப் பூட்டுமுன் கிராங்குத் தண்டைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, புள்ளிகள் மீண்டும் சந்திக்கின்றனவா எனப் பாருங்கள்.