நகத்திலிருந்து தொடங்கும் பாடம்: அழுங்கும் அதன் எட்டு இனங்களும்

அழுங்கு, அலங்கு, எறும்புத்தின்னி எனத் தமிழில் ஒரே விலங்குக்குப் பல பெயர்கள் வழங்குகின்றன. இவற்றுள் நம் மாணவர்களுக்கு அதிகம் தெரிந்தது எறும்புத்தின்னி. வகுப்பறையில் குழப்பம் தொடங்குவதும் அந்தப் பெயரில்தான். தென் அமெரிக்காவில் வாழும், உடல் முழுக்க முடி அடர்ந்த, நீண்ட மூஞ்சி உடைய வேறொரு விலங்கையும் நாம் எறும்புத்தின்னி என்றே சொல்லிவிடுகிறோம். அதனால் இந்தப் பாடத்துக்கு ‘அழுங்கு’ என்ற பெயரையே நான் பயன்படுத்துகிறேன். மலையடிவாரப் பள்ளி ஒன்றில் நடுநிலை வகுப்புகளுக்கு அறிவியல் கற்பிக்கும் நான், விலங்குகளின் வகைப்பாட்டைச் சொல்லித்தர ஒவ்வோர் ஆண்டும் இவ்விலங்கையே எடுத்துக்கொள்கிறேன். இதை நடத்தும் முறையை உங்களோடு பகிர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊர்வனவா, பாலூட்டியா?

படத்தைக் காட்டி, “இது எந்த வகை?” என்று கேட்பேன். “செதில் இருக்கு, ஊர்வனதான் டீச்சர்” என்பதுதான் பெரும்பாலும் முதலில் வரும் பதில். உடனே மறுக்க மாட்டேன். பாலூட்டிக்கு உரிய பண்புகளைக் கரும்பலகையில் எழுதச் சொல்வேன். அழுங்கு குட்டி போடுகிறது, பால் கொடுக்கிறது, அதன் வயிற்றிலும் முகத்திலும் முடி இருக்கிறது. ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, இது பாலூட்டிதான் என்ற முடிவுக்கு மாணவர்களே வந்துவிடுவார்கள்.

அப்படியானால் அந்தச் செதில் என்ன? “உங்கள் விரல் நகத்தைத் தொட்டுப் பாருங்கள்” என்பேன். நம் நகமும் முடியும், மாட்டின் குளம்பும், காண்டாமிருகத்தின் கொம்பும், அழுங்கின் செதிலும் கெரட்டின் என்ற ஒரே புரதத்தால் ஆனவை. இப்படிப்பட்ட பெரிய செதில்களால் உடலை மூடிக்கொண்ட பாலூட்டி உலகில் அழுங்கு மட்டுமே.

அடுத்த கேள்வி உறவுமுறை பற்றியது. தென் அமெரிக்க எறும்புத்தின்னிக்கும் அழுங்குக்கும் நீண்ட நாக்கு உண்டு, வலிமையான நகங்கள் உண்டு, பற்கள் கிடையா. ஆனாலும் அவை நெருங்கிய உறவினர் அல்ல. மரபணு ஆய்வுகளின்படி அழுங்குக்கு இன்று நெருங்கிய உறவு பூனை, நாய், கரடி போன்ற ஊனுண்ணி வரிசை விலங்குகளே. எறும்பும் கறையானும் தின்று வாழ ஏற்ற உடலமைப்பு இரண்டு கண்டங்களில் தனித்தனியே உருவாகியிருக்கிறது. இதுவே குவி பரிணாமம். தோற்றத்தை மட்டும் வைத்து வகைப்படுத்தக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

எட்டு இனங்கள்

ஆசியாவில் நான்கு, ஆப்பிரிக்காவில் நான்கு என எட்டு இனங்கள் பொதுவாக ஏற்கப்பட்டுள்ளன. வகுப்பை எட்டுக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஓர் இனத்தைக் கொடுத்து, உலக வரைபடத்தில் அதன் இடத்தைக் குறிக்கச் சொல்லலாம்.

ஆசிய இனங்கள்:

1. இந்திய அழுங்கு: இந்தியா, இலங்கை, நேபாளம், பாகிஸ்தான் நாடுகளில் வாழ்கிறது. தமிழ்நாட்டில் இருப்பது இதுதான். இலங்கையில் உள்ள ஒரே இனமும் இதுவே.
2. சீன அழுங்கு: தென் சீனா, தைவான், நேபாளம் முதலிய பகுதிகளிலும், இந்தியாவின் வடகிழக்கு மாநிலங்களிலும் காணப்படுகிறது. இந்திய அழுங்கை விட இதன் காதுமடல் எடுப்பாகத் தெரியும்.
3. சுந்தா அழுங்கு: மலேசியா, இந்தோனேசியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய நாடுகளில் வாழ்கிறது. நன்றாக மரம் ஏறும்.
4. பிலிப்பைன்ஸ் அழுங்கு: பலாவன் தீவிலும் அதை ஒட்டிய தீவுகளிலும் மட்டுமே உண்டு. முன்பு சுந்தா இனமாகவே கருதப்பட்டு, பின்னர் தனி இனமாகப் பிரிக்கப்பட்டது.

ஆப்பிரிக்க இனங்கள்:

5. பெரிய அழுங்கு: எட்டிலும் மிகப் பெரியது. 30 கிலோவுக்கு மேலும் எடை இருக்கும்.
6. டெமிங்க் அழுங்கு: தென் ஆப்பிரிக்காவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் உள்ள புல்வெளிகளில் வாழ்கிறது. முன்கால்களைத் தூக்கிக்கொண்டு பின்கால்களால் நடக்கும்.
7. வெள்ளை வயிற்று அழுங்கு: மேற்கு, மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் சிறிய மரவாழ் இனம்.
8. கரு வயிற்று அழுங்கு: உடலை விட வால் நீளமானது. மற்றவை பெரும்பாலும் இரவில் நடமாட, இது பகலில் இரை தேடும்.

இரண்டு கண்டத்து இனங்களையும் பிரித்தறிய எளிய அடையாளம் உண்டு. ஆசிய இனங்களுக்குச் செதில்களின் இடையே முடி இருக்கும். ஆப்பிரிக்க இனங்களுக்கு இராது.

கைவேலையும் கணக்கும்

பழைய திருமண அழைப்பிதழ்களைச் செதில் வடிவில் வெட்டி, ஒரு துணியில் நாட்டு ஓடு வேய்வதுபோல் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு ஒட்டச் சொல்கிறேன். துணி தட்டையாக இருக்கும்போது செதில்கள் படிந்திருக்கும். அதைச் சுருட்டினால் விளிம்புகள் வெளியே நீட்டிக்கொள்ளும். ஆபத்து வந்தால் அழுங்கு செய்வது இதையேதான். தலையையும் வயிற்றையும் உள்ளே மறைத்து, வாலால் போர்த்தி, பந்தாகிவிடும். உருளுவது என்ற பொருள் தரும் மலாய்ச் சொல்லிலிருந்தே ‘பாங்கோலின்’ என்ற ஆங்கிலப் பெயர் வந்தது.

இந்தப் பந்தைப் புலியும் சிங்கமும்கூட எளிதில் பிரிக்க முடியாது. ஆனால் ஒரு மனிதர் குனிந்து அப்படியே தூக்கிச் சாக்கில் போட்டுவிடலாம். விலங்கிடமிருந்து காத்த அதே பழக்கம் மனிதரிடம் அதைச் சிக்கவைக்கிறது. மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு மாணவர்கள் இதை உணரும்போது வகுப்பு அமைதியாகிவிடும்.

அப்போது ஒரு கணக்கு கொடுப்பேன். 2019 ஏப்ரலில் சிங்கப்பூரில் ஒரு வார இடைவெளிக்குள் இரண்டு கொள்கலன்களில் 12.9 டன், 12.7 டன் அழுங்குச் செதில்கள் பிடிபட்டன. இவை சுமார் 38,000 விலங்குகளுடையவை என மதிப்பிடப்பட்டது. ஒரு விலங்குக்கு எத்தனை கிலோ செதில்? வகுத்தால் ஏறத்தாழ முக்கால் கிலோவுக்கும் குறைவாகவே வரும். அடுத்து, அழுங்கு ஓர் ஈற்றில் பொதுவாக ஒரே ஒரு குட்டிதான் ஈனும் என்பதைச் சொல்லி, இழந்த எண்ணிக்கையை ஈடுசெய்ய எவ்வளவு காலம் ஆகும் என்று சிந்திக்கச் சொல்வேன். இன்று எட்டு இனங்களுமே அழியும் அபாயத்தில் உள்ளவை. சீன, சுந்தா, பிலிப்பைன்ஸ் இனங்கள் மிக மோசமான நிலையில் இருக்கின்றன. இந்திய அழுங்கும் அருகிவரும் இனமே.

ஒரு மாணவி சொன்னது

இந்தப் பாடத்தில் நாம் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஓர் ஆண்டு, ஒரு மாணவி எழுந்து, “எங்க தாத்தா வீட்ல இந்தச் செதில் இருக்கு டீச்சர். தம்பி ராத்திரி பயந்து அழுதா கயித்துல கோத்துக் கட்டுவாங்க” என்றாள். வகுப்பில் சிலர் சிரித்தார்கள். ஒரு மாணவன், “போலீஸ் பிடிச்சிட்டுப் போயிடும்” என்றான். அவள் முகம் வாடிவிட்டது.

“தம்பி நல்லா இருக்கணும்னுதானே தாத்தா கட்டினார்? அந்த அன்பில் தப்பே இல்லை” என்று முதலில் சொன்னேன். பிறகு எல்லோரிடமும், “செதிலும் நகமும் ஒரே பொருள் என்று பார்த்தோமே, வெட்டிப்போட்ட நகத்தைக் கட்டினால் பயம் போகுமா?” என்று கேட்டேன். பதில் சொன்னது அந்த மாணவியேதான். “போகாது. பக்கத்துல படுத்துத் தட்டிக்கொடுத்தாத்தான் போகும்” என்றாள்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அழுங்கு முதல் அட்டவணையில் உள்ளது. வேட்டையாடுவது மட்டுமல்ல, செதிலை விற்பதும் வைத்திருப்பதும்கூடக் குற்றம். 3 முதல் 7 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. மாணவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். ஆனால் வகுப்பில் மனம் திறந்து பேசிய குழந்தையை இந்தச் சட்டத்தைச் சொல்லி மிரட்டினால், அடுத்த முறை எந்தக் குழந்தையும் வாய் திறக்காது. அதனால் அவள் பெயரை எங்கும் சொல்லாமல், அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் அனைவருக்கும் பொதுவாக இச்செய்தியை எடுத்துரைத்தேன். வனத்துறை அலுவலர் ஒருவரும் வந்து பேசினார். தெரியாமல் செய்துவந்தவர்கள் பலர் என்பது பெற்றோர் கேட்ட கேள்விகளிலிருந்து புரிந்தது.

அழுங்கைக் கண்டால் தொடாமல், விரட்டாமல், கூட்டம் கூட்டாமல், வனச்சரக அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளட்டும்.

ஆண்டுதோறும் பிப்ரவரி மாதம் மூன்றாம் சனிக்கிழமை உலக அழுங்கு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த வாரத்தில் இரண்டு பாடவேளைகள் ஒதுக்கினால் போதும். முதல் வேளையில் வகைப்பாடும் வரைபடமும், இரண்டாம் வேளையில் கைவேலையும் கணக்கும் கலந்துரையாடலும் முடிந்துவிடும். தேவைப்படுபவை பழைய அழைப்பிதழ்கள், ஒரு துண்டுத் துணி, பசை, உலக வரைபடம். மற்றொரு துணைக்கருவியான நகம் ஒவ்வொரு மாணவரின் விரல் நுனியிலும் ஏற்கெனவே இருக்கிறது.