தேவையில்லாததைக் களவெடுப்பவர்

ஒருவர் சங்கக்கடையில் இரண்டு சவர்க்காரக் கட்டிகளை மடியில் ஒளிக்கிறார். அவரிடம் காசு இருக்கிறது. முன்பு எடுத்தவையும் வீட்டில் உறை பிரிக்காமலே கிடக்கின்றன. ஏன் எடுத்தார் என்று கேட்டால் அவருக்கே விளங்கவில்லை. ஊருக்கோ ஒரே சொல்தான்: கள்ளன்.

பிள்ளையின் பசிக்கு அரிசி எடுத்தவரைப் பற்றி நாம் இங்கு பேசவில்லை. விற்பதற்காகவோ பகை தீர்க்கவோ எடுப்பதும் வேறு. இது ‘கிளெப்டோமேனியா’ எனும் களவுநோய். எடுக்குமுன் மனதில் இறுக்கம் ஏறிக்கொண்டே போகும், எடுத்தவுடன் ஆறுதல், பிறகு வெட்கம். சில நாளில் மறுபடியும் இறுக்கம். கடைகளில் களவெடுத்துக் கைதாவோரில் 100க்கு 4 முதல் 24 பேருக்கே இந்நோய் இருப்பதாக அமெரிக்க மனநல வைத்தியர் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கைநூல் கூறுகிறது. எனவே பிடிபட்ட எல்லோரும் இதைச் சாட்டாகச் சொல்ல இடமில்லை.

இந்நோய் தனியே வருவது குறைவு. மனச்சோர்வு, பதகளிப்பு, மதுப்பழக்கம் ஆகியன கூடவே காணப்படும். ஆளுமை எப்படி? 2004இல் அமெரிக்காவில் இந்நோயாளர் 28 பேரை ஆராய்ந்தபோது 12 பேரிடம் ஆளுமைக் கோளாறு இருந்தது. பிறரை ஓயாது சந்தேகிக்கும் தன்மையே அதில் முன்னின்றது. சிறிய ஆய்வுதான். ஆயினும் மற்ற 16 பேரிடம் அப்படி எதுவும் இல்லை என்பதையும் கவனியுங்கள். ‘பிறவிக் குணம்’ என்று ஒதுக்கிவிட முடியாது.

பிரம்படியும் ஊர்நடுவில் நிறுத்தி ஏசுவதும் திருத்தும் என்று நாமும் ஒருகாலத்தில் நம்பினோம். 2012இல் வெளியான ஆய்வொன்றில் இந்நோயாளர் 107 பேரில் ஏறக்குறைய கால்வாசிப்பேர் தற்கொலைக்கு முயன்றிருந்தனர். அவர்களுட் பெரும்பாலானோர் அதற்குக் காரணமாகச் சொன்னது இக்களவையே. பூச்சிமருந்துப் போத்தல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் வீடுகளில் இதை மறக்கலாகாது.

மதுவை விடுவிக்கக் கொடுக்கும் நல்ற்றெக்சோன் என்ற மருந்து, 2009இல் 25 பேரிடம் எட்டு வாரம் பரீட்சிக்கப்பட்டபோது களவெடுக்கும் உந்துதலைக் குறைத்தது. வைத்தியர் சொல்லாமல் இதை எடுக்கக்கூடாது. உந்துதல் எழும்போதே பிடிபடும் காட்சியை மனதில் கண்டு பழகும் பயிற்சியும் உண்டு. வீட்டார் செய்யக்கூடியது எளிது: கடைக்குத் தனியே அனுப்பாதீர்கள், எடுத்த பொருளைக் கூடவே போய்த் திருப்பிக் கொடுங்கள்.

இன்னொன்று. அறுபது வயதுவரை நேர்மையாக வாழ்ந்தவர் திடீரெனக் களவெடுக்கத் தொடங்கினால் மூளையின் முன்பகுதி தேய்வதும் காரணமாகலாம். அவரை முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்லுங்கள். பொலிசுக்குப் பிறகு போகலாம்.