பற்றரியை மாற்றுவதற்கு முன் எடுக்க வேண்டிய மூன்று அளவுகள்

வான், லொறி, முச்சக்கர வண்டி வைத்துத் தொழில் செய்பவருக்கு வண்டியே கடை. காலையில் அது ஸ்டார்ட் ஆகாவிட்டால் அன்று கடை திறக்கவில்லை என்றே பொருள். நமுனுகுலவில் சிறிய பலசரக்குக் கடை நடத்தி, பதுளையிலிருந்து பழைய வானொன்றில் சரக்கு ஏற்றி வருபவன் என்ற வகையில் இதை நான் நன்கறிவேன்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அதுவரை நம்மில் பலர் பழைய வண்டிகளையே பழுதுபார்த்து ஓட்டினோம். 2022இல் ரூபாயின் பெறுமதி சரிந்தபோது உதிரிப்பாகங்களின் விலையும் பன்மடங்கு ஏறியது. இந்நிலையில் தேவையில்லாமல் வாங்கும் ஒரு பற்றரி, பல நாள் இலாபத்தை விழுங்கிவிடும்.

வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் "பற்றரி போய்விட்டது" என்பதே நம்மவர்களின் முதல் தீர்ப்பு. ஆனால் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கலாம். நல்ல பற்றரியில் சார்ஜ் இறங்கியிருக்கலாம். டைனமோ சார்ஜ் ஏற்றாமல் இருக்கலாம். அல்லது பற்றரியின் ஆயுள் உண்மையிலேயே முடிந்திருக்கலாம். மூன்றாவதற்கு மட்டுமே புதிய பற்றரி தேவை.

மலைநாட்டுப் பழக்கம்

இரவில் வண்டியை இறக்கத்தில் நிறுத்தி, காலையில் உருட்டிவிட்டு கியரில் போட்டு ஸ்டார்ட் செய்வது நமது பகுதியில் சாதாரண விடயம். இது பற்றரியின் பலவீனத்தை மாதக்கணக்கில் மறைத்துவிடும். பின்னர் சமதரையில், சரக்கோடு நிற்கும்போதுதான் உண்மை தெரியும். எஞ்சின் ஓடாமல் வண்டி உருளும்போது பிரேக்குக்கும் பவர் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் உதவி இல்லாமற் போகும் என்பதையும் மறந்துவிடலாகாது. பசறை வீதியின் வளைவுகளில் அது உயிராபத்து.

சுபஹ் தொழுகைக்குப் பின் வண்டி எடுப்பவர்களுக்கு இன்னொரு விடயம். குளிரில் எஞ்சின் ஒயில் தடிக்கிறது. பற்றரியின் வலுவும் குறைகிறது. ஆகவே பகலில் இலகுவாகச் சுழலும் எஞ்சின் அதிகாலையில் முனகினால் அதை முதல் எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும்.

முதலில் கண்ணால் பாருங்கள்

பற்றரி முனைகளில் வெள்ளை அல்லது பச்சைப் பூப்பு இருக்கிறதா, கிளிப் ஆடுகிறதா என்று பாருங்கள். மறை முனை வயரை முதலில் கழற்றி, அப்பச்சோடா கலந்த நீரால் கழுவித் துடைத்து, இறுக்கிப் பூட்டுங்கள். பல வண்டிகளின் கோளாறு இத்துடனேயே தீர்ந்துவிடும்.

மூன்று அளவுகள்

இதற்கு ஒரு சாதாரண மல்டிமீற்றர் போதும்.

1. ஓய்வில்: இரவு முழுவதும் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் அரை, 12.0 என்றால் கால் பங்கு. குறைவாக இருப்பதால் மட்டும் பற்றரியைக் குற்றஞ்சாட்ட வேண்டாம். மெதுவாக முழு சார்ஜ் ஏற்றி, ஓரிரவு விட்டு மீண்டும் அளவுங்கள். பற்றரியில் 6 செல்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட். சார்ஜ் ஏற்றிய பின்னரும் 10.5 அளவிலேயே நின்றால் ஒரு செல் இறந்துவிட்டது என்று பொருள்.

2. ஸ்டார்ட் செய்யும்போது: முழு சார்ஜில் உள்ள பற்றரி, ஸ்டார்ட்டர் சுழலும்போது 9.6 வோல்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. இறங்கினால் பெரும்பாலும் பற்றரியே பலவீனம். மாறாக, 12க்கு மேலேயே நின்றும் ஸ்டார்ட்டர் சுழலாவிட்டால் கோளாறு வயரிலோ ஸ்டார்ட்டரிலோ இருக்கிறது.

3. எஞ்சின் ஓடும்போது: பொதுவாக 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 12.5க்கு மேல் ஏறாவிட்டால் டைனமோவையும் பெல்ட்டையும் பாருங்கள். அதைத் திருத்தாமல் போடும் புதிய பற்றரியும் சில நாட்களில் படுத்துவிடும். 15ஐத் தாண்டினால் மிகை சார்ஜ். பற்றரித் தண்ணீர் வற்றிவிடும்.

மூடி திறக்கும் பற்றரியானால் ஹைட்ரோமீற்றரால் ஒவ்வொரு செல்லையும் பார்க்கலாம். முழு சார்ஜில் 1.265 அளவில் இருக்க வேண்டும். செல்லுக்குச் செல் 0.050க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தப் பற்றரியில் நம்பிக்கை வைக்க முடியாது. சோதிக்கும்போது பீடி, நெருப்பு அருகில் வேண்டாம். பற்றரியிலிருந்து வெளியேறும் ஐதரசன் வாயு வெடிக்கக் கூடியது. அமிலம் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவுங்கள்.

எப்போது மாற்றுவது?

முழு சார்ஜ் ஏற்றியும் ஓரிரவில் இறங்கினால், இரண்டாம் சோதனையில் தோற்றால், அல்லது பெட்டி உப்பியிருந்தால் தயங்காமல் மாற்றுங்கள். வாங்கும்போது அதே அம்பியர் அளவு, உற்பத்தித் திகதி, வரண்டி அட்டை ஆகிய மூன்றையும் பாருங்கள். பழைய பற்றரியைக் கடையில் கொடுத்தால் விலையில் ஒரு தொகை கழிப்பார்கள். அதை உடைத்துத் தோட்டத்தில் எறிய வேண்டாம். அதிலுள்ள ஈயம் மண்ணையும் கிணற்றையும் கெடுக்கும்.

பற்றரி விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. வாடிக்கையாளரின் கண் முன்னே மீற்றரை வைத்து அளவைக் காட்டுங்கள். டைனமோவில் கோளாறு என்றால் அதையே சொல்லுங்கள். இன்று ஒரு பற்றரி விலைப்படாமற் போகலாம். ஆனால் அந்த மனிதர் அடுத்த பற்றரிக்கு உங்கள் கடையைத் தேடித்தான் வருவார்.