கையில் உள்ள காசுக்கு நல்ல மானிட்டர்

கேள்வி: கேம் விளையாட 12,000 ரூபாய்க்குள் மானிட்டர் வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது?
– கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: கவலை வேண்டாம் தம்பி, இந்தப் பணத்துக்கே நல்லது கிடைக்கும். 24 அங்குலம், 1920 × 1080 பிக்சல், ஐபிஎஸ் பேனல், 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல். இந்த நான்கையும் விட்டுக்கொடுக்காதீர்கள். இதே பிக்சலில் 27 அங்குலம் எடுத்தால் எழுத்துகள் பிசிறடிக்கும். ஃப்ரீசிங்க் வசதி இருந்தால், வேகமான காட்சிகளில் படம் குறுக்கே வெட்டுப்பட்டுத் தெரியாது. வளைந்த திரைக்கும் கலர் விளக்குக்கும் காசைக் கொட்டாதீர்கள்.

வாங்கி வந்ததும் டிஸ்ப்ளே போர்ட் கேபிளில் இணைத்து, விண்டோஸின் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 144-ஐத் தேர்ந்தெடுங்கள். பலருக்கு அது 60-லேயே நின்றுவிடுகிறது. கொடுத்த காசு வீணாகிறது!