ஆண்டாள் என்னும் திருநாமம்

முத்துக்குளித்துறைக் கடலிலே கலக்கும் தாமிரபரணியின் கரையில் நவதிருப்பதிகளைச் சேவிக்க வரும் அடியார்கள், குருபரம்பரைக் கதைகளில் ‘ஆண்டாள்’ என்று கேட்டவுடனே ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோதையையே நினைப்பர். எவ்விடத்தும் அது பொருந்தாது.

பெரியாழ்வார் திருமகளாரான கோதை, ராமானுஜருக்குப் (1017–1137) பன்னெடுங்காலம் முற்பட்டவர். ராமானுஜர் காலத்தில் வாழ்ந்த ஆண்டாள் வேறொருவர். அவர் கூரத்தாழ்வானின் தேவிகள். பராசர பட்டரைப் பெற்ற தாயார். பெருஞ்செல்வம் யாவும் துறந்து இருவரும் கூரத்திலிருந்து திருவரங்கம் நோக்கி நடக்கையில், காட்டு வழியில் பயமுண்டோ என்று அம்மையார் வினவினார். மடியில் பொருளிருந்தாலன்றோ பயம் என்றார் ஆழ்வான். தேவரீர் அமுது செய்வதற்காகப் பொன்வட்டில் ஒன்று கொணர்ந்தேன் என்றார் அம்மையார். ஆழ்வான் அதனை வாங்கி எறிந்துவிட்டார். அரங்கனையே மணாளனாகக் கொண்ட கோதைக்கு இக்கதை எங்ஙனம் பொருந்தும்?

நவதிருப்பதிகளுள் ஒன்றான திருக்கோளூரிலே, ஊரைவிட்டுப் புறப்பட்ட பெண்பிள்ளை ஒருத்தி ராமானுஜரிடம் விண்ணப்பித்த 81 வார்த்தைகளிலும் ஆண்டாள் பெயர் வருகிறது. எந்த ஆண்டாள்? மிக இளம்பருவத்திலேயே பக்தி முதிர்ந்தவள் என்ற குறிப்பினால் கோதையே என்று தெளியலாம்.

இத்தனை பெயர்களைச் சொன்ன அப்பெண்பிள்ளையோ, இன்றளவும் தன் ஊரின் பெயராலேயே வழங்கப்படுகிறாள்.